வானொலியில் பேசியவர் ஒருவர், ஆட்சியைப் பிடித்தவர் வேறொருவர்: பழைய கத்தரிப்புகளில் உண்மைத் தலைவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

காரைக்குடி வாசகன் (கேள்வி)

வணக்கம். எங்க வாசகர் வட்டத்துக்கு ஒரு வளவு வீட்டுப் பெட்டகத்திலேருந்து செய்தித்தாள் கத்தரிப்பு ஒரு பெரிய கட்டு வந்திருக்கு. ரங்கூன்ல கடை வச்சிருந்த குடும்பம். 1962-க்கு அப்புறம் எந்த நாட்டுல ராணுவப் புரட்சி நடந்தாலும் வெட்டி எடுத்து வச்சிருக்காக, அதுக்கு முன்னாடி உள்ளதும் கொஞ்சம் இருக்கு. எகிப்து 1952, பர்மா 1958, 1962, நைஜீரியா 1966, லிபியா 1969, போர்ச்சுகல், எத்தியோப்பியா 1974, வங்கதேசம் 1975.

ஒவ்வொண்ணுக்கும் நாலு வரியில குறிப்பு அட்டை எழுதணும். தலைவர் பேர்லதான் சிக்கல். லிபியாவை எடுத்துக்கிட்டா ஒரு துண்டுல கர்னல் அபு ஷ்வரிப்னு இருக்கு. அடுத்ததுல "புரட்சிக் கவுன்சில் உறுப்பினர் பெயர்கள் வெளியிடப்படவில்லை". மூணாவதுல பிரதமர் மக்ரிபி. பின்னாடி லிபியாவை ஆண்ட கடாபி பேர் கட்டுக்குக் கடைசியிலதான் வருது. எகிப்துக் கட்டுல எங்க பார்த்தாலும் ஜெனரல் நஜீப் படம், பின்னாடி ஆட்சிக்கு வந்த நாசர் இல்லவே இல்லை.

கத்தரிப்புல இருக்கறதை மட்டும் வச்சு உள்ளே யார் இருந்தாங்கன்னு கண்டுபிடிக்க முறை ஏதும் உண்டா? "இன்டர்நெட்ல பாரு"ன்னு விட்டுடாதீக. அன்னைக்கு என்ன தெரிஞ்சது, பின்னாடி என்ன தெரிய வந்தது, ரெண்டும் அட்டையில வரணும்.

கோட்டையூர்க் கணக்கு

ரங்கூன் மொகல் தெருக் கடையை நினைச்சுக்கங்க. பெட்டியடியில உட்கார்ந்து கையெழுத்துப் போடறவர் ஏஜெண்டு. முதலாளி இங்க பட்டாலையில இருப்பார். கடை யாருதுன்னு தெரியணும்னா ஏஜெண்டோட முகத்தைப் பார்த்துப் புண்ணியமில்லை. விலாசத்தை, அதாவது கடையோட பேர் எழுத்துகளைப் பார்க்கணும், ஐந்தொகைக் கணக்கு யாருக்குப் போகுதுன்னு பார்க்கணும். ராணுவப் புரட்சியும் அப்படித்தான்.

முதல் நாள் செய்தியில பேர் இருக்கற ஆளை ஓரமா வச்சுட்டு, அடுத்த பத்து நாள் செய்தியில மூணே மூணு விஷயத்தைத் தேடுங்க. யாருக்குத் திடீர்னு பதவி உயர்வு? தலைமைத் தளபதி நாற்காலி யாருக்கு? உள்துறை யாருக்கு? இந்த மூணையும் உள்ளே இருக்கறவங்க பெரும்பாலும் வெளியாளுக்குக் கொடுக்க மாட்டாங்க. பிரதமர் பதவியையும் வெளியுறவையும் தாராளமாகக் கொடுப்பாங்க.

லிபியாவுல இதைப் போட்டுப் பாருங்க. 1969 செப்டம்பர் 1 அன்னைக்கு இத்ரீஸ் மன்னர் சிகிச்சைக்காகத் துருக்கியில இருந்தார். முதல்ல ராணுவத் தலைமை அதிகாரின்னு அறிவிச்சது அபு ஷ்வரிப்பை, அதனால வெளியுலகம் அவரையே தலைவர்னு எடுத்துக்கிச்சு. இன்னொரு குழப்பமும் சேர்ந்துக்கிச்சு. அரண்மனைக்கு நெருக்கமான ஷல்ஹி சகோதரர்கள் ஏதோ செய்யப் போறாங்கன்னு ஏற்கெனவே பேச்சு இருந்ததால, இது அவங்க வேலைன்னு பலர் நினைச்சாங்க. செப்டம்பர் 7-ல மஹ்மூத் சுலைமான் அல் மக்ரிபியைப் பிரதமராக்கி எட்டுப் பேர் அமைச்சரவை அறிவிச்சாங்க. அதுல ஆறு பேர் சிவிலியன், ரெண்டு பேர் ராணுவம்: ஆதம் ஹவ்வாஸ், மூசா அகமது. பத்திரிகைக்காரன் இந்த ரெண்டு பேரைத்தான் புரட்சியோட முகம்னு எழுதுவான். ஆனா ரெண்டு பேருமே புரட்சிக் கவுன்சில்ல இல்லை. அந்த டிசம்பர்லயே சதிக் குற்றச்சாட்டுல கைதாயிட்டாங்க.

விடை அமைச்சரவை அறிவிச்ச மறுநாள் செய்தியில இருக்கு. செப்டம்பர் 8-ல 27 வயசு இளநிலை அதிகாரி ஒருத்தர் ஒரே தாவலில் கர்னல், கூடவே ஆயுதப்படைத் தலைமைத் தளபதி. அவர்தான் கடாபி. உங்க கட்டுல அது உள்பக்கத்துல நாலு வரிச் செய்தியாக் கிடந்தாலும் கிடக்கும், தலைப்பை மட்டும் பார்த்துத் தள்ளிடாதீங்க. கவுன்சிலோட பன்னிரண்டு பேர் முழுப் பட்டியல் வந்தது 1970 ஜனவரியில. ஆக, உங்க அட்டையில "1969 செப்டம்பர்: தலைமை அறிவிக்கப்படவில்லை"ன்னு எழுதறதுல தப்பே கிடையாது, அதுதான் அன்றைய உண்மை.

எகிப்துல அந்த நாலு வரி வர ஒரு வருஷம் ஆச்சு. 1952 ஜூலை 23 காலையில வானொலியில அறிக்கை படிச்சது அன்வர் சாதத், படிச்சது நஜீப் பேரில். நஜீப்புக்கு 51 வயசு, நாசருக்கு 34. முப்பது சொச்சம் வயசு லெப்டினன்ட் கர்னல்கள் கூட்டத்தை நாடு நம்பாதுன்னு அவங்களுக்கே தெரியும். 1948 போர்ல காயம்பட்ட ஜெனரல்னா நம்பும். அதுக்கு முன்னாடியே ராணுவ அதிகாரிகள் சங்கத் தேர்தல்ல அரண்மனை ஆளுக்கு எதிரா நஜீப்பை நிறுத்தி ஜெயிக்க வச்சு ஒத்திகை பார்த்தாச்சு. 1953 ஜூன் 18-ல குடியரசு அறிவிச்சப்ப நஜீப் ஜனாதிபதி, பிரதமர் ரெண்டும். நாசர் துணைப் பிரதமர், உள்துறை. அன்னைக்கே அப்துல் ஹக்கீம் ஆமர்ங்கிற மேஜர் நேரடியா மேஜர் ஜெனரல் ஆகித் தலைமைத் தளபதி ஆனார், நடுவுல இருந்த படிகளையெல்லாம் விட்டுட்டு. ஆமர் நாசரோட உயிர் நண்பர். இந்த ரெண்டு வரி உங்க கட்டுல இருந்தா 1954 நவம்பர்ல நஜீப் வீட்டுக் காவலுக்குப் போனது ஆச்சரியமாவே இருக்காது.

பெரிய நாற்காலியை விட ரெண்டாவது நாற்காலியைப் பாருங்க. அதுதான் எத்தியோப்பியாவுக்கும் திறவுகோல்.

தேவகோட்டை ரஸ்தா

கணக்கு அண்ணன் சொன்னது சரி, ஆனா பதவி உயர்வு வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் நாள் செய்தியிலேயே ஆளைப் பிடிக்க வழி இருக்கு: எந்தப் படைப்பிரிவு எந்த இடத்தைப் பிடிச்சதுன்னு பாருங்க.

ஜெனரலுக்கு மேஜை உண்டு, சிப்பாய் கிடையாது. ஒரு கம்பெனின்னா நூறு நூற்றைம்பது பேர். அவங்களை ராத்திரி எழுப்பி வண்டியில ஏத்தறவன் கேப்டன் அல்லது மேஜர். ஆயுதக் கிடங்குச் சாவி அந்த மட்டத்துலதான் புழங்கும். அதனாலதான் இவங்க எல்லாம் 27-லேருந்து 37 வயசுக்குள்ள. வயசுக் கோளாறுன்னு பத்திரிகைகள் எழுதும், அதெல்லாம் இல்லை, அந்த வயசுலதான் கைக்கு அடக்கமாப் படை இருக்கும். கர்னலுக்கு மேல போயிட்டா கோப்புதான்.

தலைநகரத்தைப் பிடிக்க ஏழெட்டு இடம் போதும்: வானொலி நிலையம், தொலைபேசி இணைப்பகம், ராணுவத் தலைமையகம், விமான நிலையம், ஆயுதக் கிடங்கு, அரண்மனை அல்லது பிரதமர் வீடு, பாலம் இருந்தா பாலம். இவற்றைப் பிடிச்ச பிரிவு டாங்கியா, பீரங்கியா, சிக்னல் படையா, பாராசூட்டான்னு செய்தியில எங்கயாவது ஒரு வார்த்தை இருக்கும், அதைச் சுழிச்சு வைங்க. அந்தப் பிரிவோட அன்றைய பொறுப்பு அதிகாரி யார்னு தேடினா ஆள் கிடைச்சுடுவார். கடாபி சிக்னல் படை. எல்லா முகாமுக்கும் செய்தி போற கம்பி அவர் கையிலங்கறது சும்மா இல்லை.

இன்னொரு அடையாளம் "இரவுப் பயிற்சி". டாங்கியையும் குண்டையும் சந்தேகம் வராம வெளியே எடுக்க அதைவிட நல்ல சாக்கு இல்லை. 1966 ஜனவரி நைஜீரியாவுல கடூனாவுல அப்படித்தான், நாள் கணக்கா இரவுப் பயிற்சி நடத்தி ஊரைப் பழக்கிட்டாங்க. 1975 ஆகஸ்ட் 15 டாக்காவுலயும் டாங்கிப் படையும் பீரங்கிப் படையும் கூட்டு இரவுப் பயிற்சின்னு சொல்லித்தான் கிளம்பிச்சு. ரெண்டு பிரிவும் ஏன் ஒண்ணாப் போச்சுன்னு கேட்டா விடை குடும்பத்துல கிடைக்கும். டாங்கிப் பக்கம் மேஜர் ஃபாரூக், பீரங்கிப் பக்கம் மேஜர் ரஷீத், ரெண்டு பேரும் சகலைப்பாடி. அக்கா தங்கையைக் கட்டினவங்க. நம்ம ஊர்ல கூட்டு வியாபாரம் எப்படிச் சேருதோ அதே மாதிரிதான் அங்கயும் சேர்ந்திருக்கு. ஆனா வானொலியில பேசினது மேஜர் டாலிம், ஜனாதிபதி ஆனது கோந்தக்கர் முஷ்டாக். முதல் நாள் செய்தியை மட்டும் படிச்சா இந்த ரெண்டு பேர்தான் மனசுல நிக்கும்.

நைஜீரியாவுல பொறி வேற மாதிரி. கடூனா வானொலியில பேசினது மேஜர் நிஜியோகு, அதனால சரித்திரமே அவர் பேரைச் சொல்லுது. அப்போதைய தலைநகர் லாகோஸ்ல திட்டத்தைக் கையில வச்சிருந்தது மேஜர் இஃபியாஜுனா. லாகோஸ் பக்கம் சொதப்பினதால ஆட்சி போய்ச் சேர்ந்தது ஜெனரல் அகுயி இரோன்சி கையில. அவர் சதியில இல்லவே இல்லை! இங்க அண்ணனோட நாற்காலிக் கணக்கை அப்படியே போட்டா இரோன்சி தலைவர்னு தப்பா வந்துடும். பதவி உயர்வுக் கணக்கு ஜெயிச்ச புரட்சிக்குத்தான் பொருந்தும். பாதியில சரிஞ்சதுக்குப் படைப்பிரிவுக் கணக்கு மட்டுமே கை கொடுக்கும்.

கோட்டையூர்க் கணக்கு

ரஸ்தா தம்பி சொன்ன திருத்தத்தை ஒத்துக்கறேன். அட்டையில மூணு பேருக்கு மூணு கட்டம் போட்டுடலாம்: பேசியவர், நடத்தியவர், ஆட்சியில் அமர்ந்தவர். ஒரே ஆள் மூணுலயும் வந்தாலும் வரட்டும்.

போர்ச்சுகலுக்கு இந்த மூணு கட்டம் அச்சடிச்ச மாதிரி பொருந்தும். 1974 ஏப்ரல் 25-ல பொந்தீன்யா முகாமிலேருந்து நடத்தினது மேஜர் ஓட்டேலோ, வயசு 37. சாந்தரேமிலேருந்து கவச வண்டிகளோட லிஸ்பனுக்கு வந்தது கேப்டன் சல்கெய்ரோ மாயா, 29. பிரதமர் கெய்டானோ ஒரு கேப்டன்கிட்ட ஆட்சியை ஒப்படைக்க மறுத்து ஜெனரல் கேட்டார், அதனால ஸ்பினோலா வந்து வாங்கிக்கிட்டு ஜனாதிபதி ஆனார். செப்டம்பர் 30-ல விலகிட்டார். கிளம்பற சங்கேதம் வானொலியில ரெண்டு பாட்டு, 24-ந் தேதி இரவு 10.55-க்கு ஒண்ணு, நள்ளிரவு தாண்டி 12.20-க்கு ஒண்ணு.

இதுல வேற ஒரு தடயமும் இருக்கு. புரட்சிக்கு முந்தின வருஷத்துப் பதவி உயர்வுச் சண்டையைத் தேடுங்க. 1973-ல ஒரு அரசாணை, எண் 353/73. கட்டாயச் சேவைக்கு வந்த அதிகாரிகள் குறுகிய படிப்பு முடிச்சா நிரந்தர அதிகாரிகளுக்குச் சமமா மூப்பு. அதுல அடிபட்ட கேப்டன்கள்தான் முதல்ல கூடினாங்க, அரசியல் பின்னாடி வந்து சேர்ந்துச்சு. ஆகவே ரகசியக் குழுவோட உறுப்பினர் யார்னா, அந்த ஆணையால மூப்பு இழந்த பேட்ச். ராணுவக் கல்லூரிப் பேட்சுங்கறது நம்ம ஊர்ல ஒரே கோயில் பங்காளி மாதிரி. ஒரு பேர் உறுதியாயிட்டா மத்த பேர்களை அதே வருஷத்துல தேடுங்க.

பள்ளத்தூர் ஆச்சி

பர்மாவை யாரும் தொடலையே. அந்தக் கட்டை வெட்டி வச்சவுக மனசுல இருந்தது அதுதானே.

தம்பி, முதல்ல பேர்ச் சிக்கலைத் தீர்த்துக்கங்க. பர்மாக்காரங்களுக்குக் குடும்பப் பேர் கிடையாது. ஊ, கோ, மாங் எல்லாம் மரியாதைச் சொல், வயசுக்கேத்தபடி மாறும். போ-ன்னா ராணுவ அதிகாரி. ஊ ஆங் ஜீ, கர்னல் ஆங் ஜீ, பிரிகேடியர் ஆங் ஜீ மூணும் ஒரே ஆள்தான். ஆனா மாங் மாங் ஒரே ஆள் இல்லை. பிரிகேடியர் மாங் மாங்னு ஒருத்தர், சட்ட நிபுணர் டாக்டர் மாங் மாங்னு ஒருத்தர். பிரிகேடியரை 1961-லயே தூதராக்கி வெளிநாட்டுக்கு அனுப்பிட்டாங்க. டாக்டர்தான் 1988-ல கொஞ்ச நாள் ஜனாதிபதியா இருந்தது. இந்த ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிட்டா அட்டை முழுக்கத் தப்பாகிடும்.

1962-ல ஆட்சியைப் பிடிச்ச தலைமைத் தளபதி நே வின் பேரே புனைபேர். சொந்தப் பேர் ஷூ மாங். 1941-ல ஆங் சான் தலைமையில ஹைனான் தீவுல ஜப்பான்காரன்கிட்ட ரகசியமாப் பயிற்சி எடுத்த முப்பது பேர் ஆளுக்கொரு பேர் வச்சுக்கிட்டாங்க. ஆங் சானுக்கு போ தேசா, ஷூ மாங்குக்கு போ நே வின், பிரகாசமான சூரியன்னு அர்த்தம். இளம் ரகசியத் தலைவர்கள்னா அசல் அவங்கதான், ஆனா அது 1962 இல்லை.

1958-ம் 1962-ம் வேற வேற. 1958 அக்டோபர்ல பிரதமர் ஊ நு தானா முன்வந்து நே வின்கிட்ட ஆட்சியைக் கொடுத்தார்னு செய்தி சொல்லும். கொடுக்க வச்சது பின்னாடி பிரிகேடியர் ஆன மாங் மாங், ஆங் ஜீ ரெண்டு கர்னல்களும்தான். அந்த அட்டையில "நடத்தியவர்" கட்டத்துல அவங்க பேர் வரணும். 1962 மார்ச் 2-ல மறைவு ஒண்ணும் இல்லை. தலைமைத் தளபதியே செஞ்சது, வானொலியில சொன்னதும் அவரே, பதினேழு பேர் புரட்சிக் கவுன்சிலுக்குத் தலைவரும் அவரே. நீங்க எல்லாம் சொல்ற "முன்னால நிக்கிறவர் பொம்மை" இங்க செல்லாது. கண்டுபிடிக்க எளிய வழி: அன்னைக்குத் தலைமைத் தளபதியைப் பிடிச்சு வச்சாங்களா, அவரே ஆணை போட்டாரா? எகிப்துல 23-ந் தேதி முதல் வேலையே தலைமையகத்துல இருந்த தளபதிமாரைப் பிடிச்சதுதான். அப்போ கீழ்மட்டத்துப் புரட்சி. தளபதியே ஆணை போட்டா மேல்மட்டத்துப் புரட்சி, அங்க போய் இளைஞர்களைத் தேடினா பேயைத் தேடற கதை.

ஆனா நம்ம ஊர்க் குடும்பங்களைப் பாதிச்சது மார்ச் 2 மட்டும் இல்லை. 1963 பிப்ரவரியில ஆங் ஜீ கவுன்சில்லேருந்து விலகினார். அதே மாசம் 23-ல வங்கிகள் அரசுடைமை. 1964 மார்ச்லேருந்து கடைகள், மே 17-ல 50, 100 ச்சாட் நோட்டு செல்லாது. கவுன்சிலுக்குள்ள யார் கை ஓங்குச்சுன்னா பிரிகேடியர் டின் பே, கூடவே பொருளாதார ஆலோசகர் பா நியேன். ஆங் ஜீ விலகின துண்டும் வங்கித் துண்டும் கட்டுல பக்கத்துல பக்கத்துல இருந்தா பிரிச்சுடாதீக, வச்சவுக தெரிஞ்சுதான் வச்சிருக்காக.

காரைக்குடி வாசகன்

ஆச்சி, ரெண்டும் ஒரே குண்டூசியிலதான் இருந்துச்சு! பிரிக்கலை.

எத்தியோப்பியாவுக்கு மட்டும் வழி தெரியலை. 1974 முழுக்க "ராணுவக் குழு"ன்னுதான் இருக்கு. ஒரு பேரும் இல்லை. அமான் அண்டோம் பேர் வருது, அப்புறம் அவரே செத்துட்டார்.

தேவகோட்டை ரஸ்தா

பேர் இல்லாததே அங்க ஏற்பாடு. அந்த ராணுவக் குழுவோட பேர் டெர்க், அந்தச் சொல்லுக்கே குழுன்னுதான் அர்த்தம். 1974 ஜூன் கடைசியில அடிஸ் அபாபாவுல நாலாவது டிவிஷன் தலைமையகத்துல கூடினாங்க, சிப்பாய்லேருந்து மேஜர் வரை சுமார் 120 பேர், ஒவ்வொரு பிரிவும் அனுப்பின பிரதிநிதிகள். மேல்மட்ட அதிகாரிகள் அரண்மனைக்கு நெருக்கம்னு சந்தேகம், அதனால மேஜருக்கு மேல ஆளே கூடாது. முழுப் பட்டியலை அவங்க வெளியிடவே இல்லை. செப்டம்பர் 12-ல பேரரசர் ஹெய்லி செலாசியை இறக்கினாங்க. அமான் மக்களுக்குத் தெரிஞ்ச ஜெனரல், வெளியிலேருந்து கூட்டிட்டு வந்து உட்கார வச்ச தலைவர். நவம்பர் 23-ல அவர் கொல்லப்பட்டார், அன்னைக்கே பழைய ஆட்சியைச் சேர்ந்த சுமார் 60 பேர் சுடப்பட்டாங்க. அடுத்த தலைவர் தஃபாரி பென்டி, 1977 பிப்ரவரி 3-ல அவரும் கொல்லப்பட்டார்.

கணக்கு அண்ணன் சொன்ன ரெண்டாவது நாற்காலியைப் பாருங்க: முதல் துணைத்தலைவர் மெங்கிஸ்து ஹெய்லி மரியம், ஹராரிலிருந்த மூணாவது டிவிஷன் அனுப்பின மேஜர். மேல ரெண்டு பேர் வந்து போனாங்க, அவர் நாற்காலி மட்டும் நகரலை. 1974 அட்டையில "நடத்தியவர்" கட்டத்துல ஒருத்தர் பேரை எழுதாதீங்க. "குழு, சுமார் 120 பேர், பெயர்கள் மறைப்பு"ன்னு போட்டுட்டு மெங்கிஸ்துவை 1977 துண்டுல கொண்டு வாங்க. அப்போதே அவர்தான் எல்லாம்னு எழுதினா அன்றைய துண்டு சொல்லாததைச் சொன்னதாகிடும்.

இந்த விஷயத்துல ஜெயிச்சவன் பட்டியலை ரொம்ப நம்பக்கூடாது. எகிப்துல யூசுஃப் சித்தீக்னு ஒரு அதிகாரி, நேரத்தைத் தப்பா எடுத்துக்கிட்டு ஒரு மணி நேரம் முன்னாடியே படையோட கிளம்பிட்டார். அதனாலதான் அரண்மனை விழிக்கறதுக்குள்ள தலைமையகம் பிடிபட்டுச்சு. வழியில சிவில் உடையில நின்ன நாசரையும் ஆமரையுமே அவர் ஆட்கள் மடக்கிட்டாங்க. பின்னாடி அவர் நாசரோட முரண்பட்டார், கொண்டாட்டப் படங்கள்ல அவருக்கு இடமில்லாமப் போச்சு. முதல் வாரக் குழுப் படத்துல இருந்து அடுத்த வருஷப் படத்துல இல்லாத முகங்களை ஒரு தாள்ல எழுதுங்க, நிறையப் புரியும்.

கோட்டையூர்க் கணக்கு

கத்தரிப்புல கவனிக்க வேண்டியது கொஞ்சம். செய்தி எந்த ஊர்லேருந்து அனுப்பினதுன்னு முதல் வரியில இருக்கும். லிபியத் தலைநகர் திரிபோலி பத்தின செய்தி கெய்ரோ, பெய்ரூட், துனிஸ், ரோம்னு ஆரம்பிச்சா விமான நிலையம் மூடியிருக்கு, நிருபர் உள்ளே இல்லை, வானொலியைக் கேட்டு எழுதினது. அதுல வர்ற பேருக்கு மதிப்பெண் பாதிதான். ஊருக்குள்ளேருந்து வர ஆரம்பிச்ச பிறகு உள்ள பேருக்கு முழு மதிப்பெண்.

தேதி வெட்டுப்பட்டிருந்தா பின்பக்கத்தைப் புரட்டுங்க. சினிமா விளம்பரம், பவுன் விலை, பஞ்சாங்கக் கட்டம் ஏதாவது இருக்கும். ராயிட்டர், பி.டி.ஐ. செய்தி தமிழ்ப் பத்திரிகையில ஒரு நாள் தள்ளித்தான் வரும், பத்திரிகைத் தேதியைச் சம்பவத் தேதின்னு எழுதிடாதீங்க.

தமிழ்ல g, k, gh எல்லாத்துக்கும் க-தான். கடாபி, கத்தாபி, கதாஃபி, குவதாபி நாலும் ஒரே ஆள். அபு ஷ்வரிப், புவேஷிர், ஷுவைரிப் ஒரே ஆள். ஒவ்வொரு பேருக்கும் ஒரு அட்டை போட்டு எல்லா எழுத்து வடிவத்தையும் அதுல எழுதிட்டுத்தான் கட்டைப் பிரிக்கணும். இதைச் செய்யாம ஆரம்பிச்சா ஒரு கர்னல் மூணு கர்னலாப் பெருகிடுவார்.

அட்டையில மை வேண்டாம், 2பி பென்சில். துண்டுல செல்லோ டேப் ஒட்டாதீங்க, பழுப்பு இறங்கும். குண்டூசி துருப்பிடிச்சிருந்தா எடுத்துட்டு அந்த ரெண்டு துண்டையும் ஒரே வெள்ளைக் காகித உறையில போடுங்க, ஆச்சி சொன்ன வரிசை கலையக் கூடாது.

பள்ளத்தூர் ஆச்சி

ஒண்ணு விட்டுப்போச்சு. இப்ப நடக்கற கவிழ்ப்புக்கு இந்த வித்தையைக் காட்டி "இவர்தான் மூளை"ன்னு வாட்ஸ்அப்ல எழுதாதீக. 2020-ல மாலியில முதல் அறிக்கை படிச்சது இஸ்மாயில் வாகே, பலரும் அவரைத் தலைவர்னு நினைச்சாங்க. சில மணி நேரத்துலயே கர்னல் அசிமி கொய்தா தானே தலைவர்னு சொன்னார். ஒரு நாள்ல மாறற பேரை நம்பி யாரோ ஒருத்தர் படத்தைப் போட்டா, அவுக வீட்டு வாசல்ல கல்லு விழும்.

காரைக்குடி வாசகன்

மூணு கட்டம் போட்டு லிபியா அட்டையை எழுதிட்டேன். சரியா பாருங்க:

லிபியா, 1 செப்டம்பர் 1969. பேசியவர்: புரட்சிக் கவுன்சில் பேரில், அறிக்கையில் தனிப்பெயர் இல்லை. நடத்தியவர்: அன்று வெளியாகவில்லை, 8 செப்டம்பரில் கடாபி தலைமைத் தளபதி, 1970 ஜனவரியில் 12 பேர் பட்டியல். அமர்ந்தவர்: பிரதமர் மக்ரிபி (7 செப்டம்பர்).

கோட்டையூர்க் கணக்கு

"அமர்ந்தவர்" கட்டத்துல 1970 ஜனவரியில கடாபியே பிரதமர் ஆனதையும் ஒரு வரி சேருங்க. அபு ஷ்வரிப்பை எங்கயும் காணோமே? தப்பான பேர்னாலும் அன்னைக்கு அச்சுல வந்த பேர், அட்டைக்குப் பின்னால பென்சில்ல எழுதி வைங்க.